முதலாளி பையும் நார்பர்ட் வாயும்

நார்பர்ட்டுக்குக் கடைவாய்ப் பல் மூன்று வாரமாக வலி. பல் டாக்டரிடம் போகப் பயம். பயம் என்று ஒப்புக்கொள்ள அதைவிடப் பயம். மனைவி லொரெய்ன் நச்சரித்தபோது சாப்பாட்டு மேஜையில் ஓங்கி ஒரு குத்துவிட்டுச் சபதம் போட்டார்.

"நம்ம டீம் முதலாளி என்னிக்குப் பையைத் திறக்கறாரோ, அன்னிக்குத்தான் நான் வாயைத் திறப்பேன்!"

"நிஜமாவா?"

"ஒரே ஒரு பெரிய ஆட்டக்காரனை வாங்கட்டும். நானே போய் அந்தப் பல் டாக்டர் நாற்காலியில உக்கார்றேன்."

ஆபத்தில்லாத சபதம். மில்வாக்கியில் பேஸ்பால் பார்க்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த மனிதர் பையைத் திறந்து இருபது வருஷமாகிறது. நன்றாக ஆடுகிறவன் விலை ஏறியதும் நியூயார்க்கின் பணக்கார டீமுக்குப் போய்விடுவான். நார்பர்ட்டும் வாரம் தவறாமல் ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டு "கஞ்சன்! மகா கஞ்சன்!" என்று கத்துவார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி பையைத் திறந்துவிட்டார். ஒரோஸ்கோ என்ற பேர்போன மட்டை ஆட்டக்காரனுக்குப் பத்து வருஷம், முப்பது கோடி டாலர். ஊரே ஹாரன் அடித்துக் கொண்டாடியது. ஒவ்வொரு ஹாரனுக்கும் நார்பர்ட்டின் பல் விண்ணென்று தெறித்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு டுவெய்ன் பியர் கேனை உயர்த்தினான்.

"கேட்டியா நார்பர்ட்? முப்பது கோடி!"

"அநியாயம்! ஒரு மனுஷனுக்கு முப்பது கோடியா? டிக்கெட் விலை ஏறும். உன் பியர் விலையும் ஏறும்."

"ஏன்யா, செலவு பண்ணு, செலவு பண்ணுன்னு கத்தினது நீதானே?"

"பண்ணச் சொன்னேன். கண்ணுமண்ணு தெரியாமப் பண்ணச் சொன்னேனா? கடைசி வருஷம் அவனுக்கு நாப்பது வயசு! மட்டையால அடிப்பானா, ஊனிக்கிட்டு நிப்பானா?"

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. டீம் டாக்டர் ஒரோஸ்கோவின் உடம்பைச் சோதித்துச் சரி என்றால்தான் கையெழுத்து. நார்பர்ட் தேவாலயத்துக்கு ஓடி மெழுகுவத்தி ஏற்றினார். "ஆண்டவரே, அந்தப் பையனுக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம். சின்னதா ஒரு மூட்டுப் பிடிப்பு போதும்." வேண்டி முடித்ததும் அந்தப் பாவத்துக்கும் சேர்த்துப் பயந்தார்.

வியாழக்கிழமை காலை. சமையலறையில் ரேடியோ. கேட்கத் தைரியமில்லாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, டாக்டர் முடிவு சொல்லிட்டாராம். சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

என்ன முடிவு என்று கேட்கப் பயந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் காரில் லொரெய்ன் போல்கா பாட்டு போட்டுக் கூடவே பாடினாள். அவருக்கு அது சாவுமணியாகக் கேட்டது.

நாற்காலி சாய்ந்தது. ஊசி இறங்கியது. பாதி முகம் இருக்குமிடம் தெரியவில்லை. வாய் நிறையப் பஞ்சு. அப்போதுதான் சுவரிலிருந்த டிவி பேசியது: "ஒரோஸ்கோவின் வலது முட்டியில் கோளாறு. ஒப்பந்தம் காலையிலேயே ரத்து."

நார்பர்ட் துள்ளி எழப் பார்த்தார். "ஆ... ஊ... ஓ!"

லொரெய்ன் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"தெரியும்ங்க. அவருக்குக் கோளாறு முட்டியில. உங்களுக்குப் பல்லுல. நல்லா ஆன்னு காட்டுங்க."