வக்கிரச் சனியும் மூண்டு வயரும்

சனிக்கிழமை விடிஞ்சால் அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னாலை வாகனம் விட இடமிராது. வெங்காயம் வாங்க வந்த சனமெண்டு நினைச்சிடாதேங்கோ. எல்லாம் முத்துக்குமாருச் சாத்திரியாரிட்டை வந்த கூட்டம். மனிசருக்குச் சாத்திரம் சொன்ன காலத்திலை உவரை ஒரு காகமும் திரும்பிப் பாக்கேல்லை. ஒருநாள் மதிலிலை 'வாகன சோதிட நிலையம்' எண்டு எழுதினார். பேந்தென்ன, சனம் அள்ளுப்பட்டு வந்திட்டுது. காருக்கு இராசி, வானுக்கு நட்சத்திரம், ஓட்டோவுக்கு ஏழரைச் சனி! எதிர்ப்பக்கத்திலை ரயர் ஒட்டுற என்னட்டை வந்து, "அண்ணை, இராகு காலத்திலை காத்தடிச்சால் நிக்குமோ?" எண்டு கேட்டவையும் இருக்கினம். ஓட்டையை அடைச்சால் நிக்குமெண்டன். அந்தப் பதில் அவைக்குப் பிடிக்கேல்லை.

சாத்திரியாற்றை பெரிய வித்தை, சென்சர் பாக்கிறது. பழைய வாகனத்தின்ரை எஞ்சின் கொம்பியூட்டர் செத்தால் அதே சாமான் இப்ப கிடைக்காது. வேற ஆரும் செய்த கொம்பியூட்டரைத்தான் வாங்கிப் பூட்டவேணும். அதுக்குத் திறொட்டில் சென்சர் எண்டு ஒண்டு தேவை. பெரிய மாயமொண்டுமில்லை. காலாலை அமத்தேக்கை எஞ்சினுக்குக் காத்துப் போற கதவு எவ்வளவு திறக்குதெண்டு கொம்பியூட்டருக்குப் போய்ச் சொல்லுற சாமான், அவ்வளவுதான். கதவின்ரை தண்டிலை கொழுவுதோ, எந்தப் பக்கமாச் சுத்துது எண்டு பாத்து எடுத்தால் காரியம் முடிஞ்சுது. ஆனால் கண்ணாலை பாத்துச் சாமான் வாங்க எங்கடை சனத்துக்கு விசரே?

கலியாணத்துக்குப் பூக்கட்டிப் பாக்கிற மாதிரி, சாத்திரியார் சென்சர்களை வெத்திலையிலை சுத்தி, மஞ்சள் நூலாலை கட்டி, தட்டிலை பரப்பி வைப்பார். வாகனத்துக்கு முதற்பூசை செய்த நாளைக் கேட்டு, விரல் மடிச்சுக் கணக்குப் பாப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லுவார். கைக்கு வந்தது வாகனத்தின்ரை விதி. மிச்சப் பொட்டலங்களை ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கேல்லை. பாத்திருந்தால், எல்லாம் ஒரே பெட்டியிலை வந்து இறங்கின ஒரே சாதிச் சாமான் எண்டு தெரிஞ்சிருக்கும்.

இந்தக் கூட்டத்துக்கை குருநகர்ச் சந்தியோகுவும் வந்து மாட்டினான். மீன் ஏத்துற வான் வைச்சிருக்கிறவன். உப்புக் காத்துப் பட்டு வானின்ரை கொம்பியூட்டர் போச்சு. சுவிசிலை இருக்கிற தமையன் புதுசொண்டு அனுப்பினார். அதுக்குத் தோதான சென்சர்தான் இல்லை.

"முதற்பூசை எப்ப, தம்பி?"

"நாங்கள் வேதக்காரர் ஐயா. பாதர் தீர்த்தம் தெளிச்சவர்."

"தெளிச்ச நேரத்தைச் சொல்லும். சனி பகவானுக்கு வேதக்காரர், சைவக்காரர் எண்டு வித்தியாசமில்லை."

பாருங்கோ, காசு வாங்கிற இடத்திலை என்ன ஒற்றுமை! சந்தியோகு சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தான். சாத்திரியாற்றை மச்சான் தவேந்திரன் அதைக் கொண்டுபோய்ப் பூட்டினான். வான் ஸ்ராட் வந்துது. காலை எடுத்தால் கரும்புகை. காலை அமத்தினால் இருமி இருமி நிண்டுபோச்சு.

சாத்திரியார் வானத்தைப் பாத்தார். "சனி வக்கிரம்! பின்பக்கமா நடக்கிறார். அதுதான் உம்மடை வானுக்கும் எல்லாம் தலைகீழ். அடுத்த சனிக்கிழமை பரிகாரம் செய்யவேணும். வான் இஞ்சை நிக்கட்டும்."

ஒரு கிழமை வான் அங்கையே நிண்டுது. அதுக்குள்ளை குருநகரிலை கதை கந்தலாப் போச்சு. சந்தியோகுவின்ரை வானிலைதான் ஒரு கொம்பனிக்காரர் கணவாய் மீன் அனுப்பிறவை. வீட்டு அடுப்பு எரியிறது அந்த ஓட்டத்திலை. திங்கட்கிழமை விடிய வான் துறையிலை நிக்காட்டில் வேற ஆளைப் பிடிக்கிறமெண்டு சொல்லிப்போட்டினம். சந்தியோகுவின்ரை பெண்சாதி ஜெசிதா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கேல்லை. பரிகாரம் நடக்கிற அண்டைக்குப் புருசனுக்கு முன்னாலை தானே பஸ் ஏறி வந்திட்டாள்.

வந்தவள் முதலிலை என்ரை கடைக்கு முன்னாலை நிழலிலை நிண்டு, வேற ஒரு காருக்கு நடந்த பரிகாரத்தைப் பாத்தாள். பொனற்றைத் திறந்து, மேலாலை மஞ்சள் பட்டுத் துணியாலை மூடுவினம். ஒருத்தரும் உள்ளுக்குப் பாக்கக்கூடாது, பாத்தால் கண் அவிஞ்சு போகுமாம். சாத்திரியார் வெளியிலை நிண்டு மந்திரத்திலை முழங்குவார். மச்சான் கற்பூரத் தட்டோடை பட்டுக்குக் கீழை பூந்து சனி பகவானுக்குத் தீபம் காட்டுவான். வெளியிலை வந்த உடனை கார் சிங்கம் மாதிரி உறுமும். சனம் கன்னத்திலை போட்டுக்கொள்ளும்.

ஜெசிதா என்னட்டைக் கேட்டாள், "அண்ணை, கற்பூரம் காட்டப் போறவருக்கு இடுப்பிலை ஸ்குறூ ட்றைவர் என்னத்துக்கு?"

நான் சிரிச்சுப்போட்டன். அவள் சிரிக்கேல்லை. நேரே போய்ச் சாத்திரியாருக்கு முன்னாலை நிண்டாள்.

"ஐயா, எங்கடை வானுக்குப் பரிகாரம் செய்யுங்கோ. ஆனால் தவேந்திரன் அண்ணை என்ரை பக்கத்திலை நிக்கட்டும். பாவம், புகைக்குள்ளை நிண்டு களைச்சுப் போனார்."

"அது முறையில்லை, பிள்ளை."

"சனியை அசைக்கிறது உங்கடை மந்திரமோ, இல்லாட்டில் உங்கடை மச்சானோ?"

கூட்டம் காதைக் கூராக்கிக்கொண்டுது. உடுப்பிட்டியிலை இருந்து காருக்குச் சாதகம் எழுதுவிக்க வந்த கமலாவதி ரீச்சர், "மந்திரந்தான்! ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, உந்தப் பிள்ளைக்குக் காட்டுவம்!" எண்டு கத்தினா. பக்தையே குழி வெட்டினால் சாத்திரியார் எங்கை ஓடுறது? தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அண்டைக்குச் சொன்ன மந்திரம் மாதிரி ஒருநாளும் சொல்லேல்லை. வேர்த்து ஒழுகுது. மச்சான் ஜெசிதாவுக்குப் பக்கத்திலை, தட்டை ரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு முழுசுறான்.

பின்னாலை வந்து சேர்ந்த சந்தியோகு வானை ஸ்ராட் பண்ணிக் காலை அமத்தினான். வான் இருமிச் செத்துது.

"சனி இண்டைக்குக் கடும் கோவத்திலை நிக்கிறார்," எண்டார் சாத்திரியார்.

"இருக்கும், இருக்கும்," எண்டாள் ஜெசிதா. "இனித் தவேந்திரன் அண்ணை மட்டும் போகட்டும். நீங்கள் மந்திரம் சொல்லக்கூடாது. மனசுக்குள்ளையும் கூடாது. அதாலை பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லுங்கோ."

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. சாத்திரியார் மறுத்துப் பாத்தார். கமலாவதி ரீச்சர் விடேல்லை. வாய்ப்பாடு சொல்ல வைக்கிறதிலை அவவுக்கு முப்பது வருசச் சேவை! "ம்ம், உரத்து!" எண்டா. மச்சான் தப்பினன் பிழைச்சன் எண்டு பட்டுக்குக் கீழை பூந்தான். மனிசன் தொடங்கினார்.

"ஓர் பன்னிரண்டு பன்னிரண்டு. ஈர் பன்னிரண்டு இருபத்திநாலு. முப்பன்னிரண்டு..."

"முப்பத்தாறு!" எண்டா ரீச்சர்.

"ஸ்ராட் பண்ணுங்கோ, இஞ்சருங்கோ!" எண்டு ஜெசிதா கத்தினாள். சந்தியோகு காலை அமத்தினான். வான் உறுமிச்சுது பாருங்கோ, சந்தைக்குள்ளை நிண்ட நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கீட்டுது. முப்பத்தாறுக்கே சனி பகவான் இரங்கிப்போட்டார்! சாத்திரியாருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை. "பாத்தியளோ என்ரை சக்தியை!" எண்டு ரண்டு கையையும் தூக்கினார். தான் சொன்னது வெறும் வாய்ப்பாடெண்டு பேந்துதான் ஆளுக்குப் பிடிபட்டுது.

தூக்கின கை இறங்க முதல் ஜெசிதா பட்டுத் துணியை ஒரே இழுவையிலை உரிச்செடுத்தாள். உள்ளுக்குத் தவேந்திரன் குனிஞ்சபடி நிக்கிறான். கற்பூரம் பத்தவேயில்லை. வாயிலை ஸ்குறூ ட்றைவர். கை சென்சரின்ரை வயரிலை.

"அது வந்து... மூண்டு வயர்," எண்டான், ஒருத்தரும் கேக்க முதலே. "நடு வயர் கொம்பியூட்டருக்குக் கதை சொல்லுறது. கரை வயர் ரண்டையும் மாத்திக் குடுத்தால் தலைகீழாச் சொல்லும். திருப்பி மாத்தினால் சரி. அத்தான்தான் முதலிலை மாத்திப் பூட்டச் சொன்னவர்!"

"அப்ப அந்த வக்கிரச் சனி?" எண்டு ஆரோ கேட்டான்.

"அது நான்தான்," எண்டான் தவேந்திரன்.

சந்தியோகு வானாலை இறங்கிச் சாத்திரியாற்றை சட்டையைப் பிடிச்சான். ஜெசிதாதான் விலக்கினவள். அவளுக்குக் கண் கலங்கிப் போச்சு. "அடிக்கவேண்டாம். ஒரு கிழமையாப் பிள்ளையளுக்கு வெறுஞ் சோத்தைப் போட்டனான் ஐயா, உங்கடை ரண்டு வயருக்காக. உங்களுக்கு வெக்கமில்லையே?" எண்டு கேட்டாள். சாத்திரியார் மடியை அவிட்டார். வாங்கின காசை அந்த இடத்திலையே திருப்பிக் குடுத்தார். குடுக்காட்டில் சனம் விட்டிராது.

திங்கட்கிழமை விடிய வான் துறையிலை நிண்டுது. கணவாயும் ஏறிச்சுது. நான் விசாரிச்சனான்.

இதோடை முடிஞ்சுதெண்டு நீங்கள் நினைப்பியள். நானும் நினைச்சன். அடுத்த சனிக்கிழமை கடை திறக்க வாறன், அதே இடத்திலை அதே கூட்டம்! கமலாவதி ரீச்சர் முன்னுக்கு நிக்கிறா. என்ன ரீச்சர், இன்னும் புத்தி வரேல்லையோ எண்டு கேட்டன்.

"சாத்திரியார் கள்ளன், தம்பி. நாங்கள் இப்ப தவேந்திரனிட்டை வந்தனாங்கள். சனியாவே நிண்ட பிள்ளையெல்லே, கைராசி இருக்குமாம்!"

எனக்கு வந்த விசருக்கு, கையிலை இருந்த ரயரைத் தூக்கி நிலத்திலை போட்டன். "வானுக்கு மூளை பழுதானால் சுவிசிலை இருந்து வரும். எங்களுக்கு அப்பிடி ஒருத்தனும் அனுப்பமாட்டான்! உள்ளதை ஒருக்காலாவது ஸ்ராட் பண்ணிப் பாருங்கோவன்!"