தரக் கட்டுப்பாட்டில் ஒரு தாம்பத்தியம்

உலகம் தோன்றிய நாள் முதல் மனிதர்கள் பிள்ளை பெற்றுக்கொண்டதெல்லாம் மேற்பார்வையே இல்லாமல் நடந்த காரியம். படிவம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, ஏனென்று கேட்க நாதி கிடையாது. இந்த அலங்கோலத்தைச் சீர்படுத்தவே பம்பு தொழிற்சாலையின் தர ஆய்வாளர் அவதரித்தார் என்றால் மிகையாகாது.

தொழிற்சாலையில் அவருடைய செங்கோல் ஒரு சிவப்புச் சீட்டு; வீட்டு மேசையிலும் ஒரு கட்டு கிடக்கும். சோதிக்காத பம்பு எதுவானாலும் "சோதிக்கப்படவில்லை. வாசல் தாண்டக் கூடாது" என்று ஒட்டிவிடுவார். முதலாளியின் மச்சானே வந்து கெஞ்சினாலும் மசியமாட்டார்.

கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. மனைவிக்கு முப்பத்தாறு முடியப்போகிறது. "இனிமே நாள் கடத்த வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "இவங்க ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் பழக்கவழக்கத்தை மாத்துங்க. சார், உங்க டெஸ்ட்டை இந்த வாரமே எடுத்துடுங்க."

ஆய்வாளர் பயபக்தியுடன் கேட்டுக்கொண்டு, பொறுப்புகளை "நியாயமாக"ப் பங்கிட்டார். மாறவேண்டியது மனைவி, மாறினாளா என்று பார்க்கவேண்டியது அவர்.

மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் இருபத்தேழு கட்டங்களுடன் ஒரு படிவம் ஏறியது. நடை நாற்பது நிமிடம், காபி ஒன்றே ஒன்று, கீரை, பழம், பத்து மணிக்குள் உறக்கம். கடைசிக் கட்டம், மனமகிழ்ச்சி. மாலைதோறும் ஆய்வாளர் சோபாவில் சாய்ந்து, சூடேறிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, மேற்பார்வையின் பாரம் தாங்காமல் ஆறாவது சிகரெட்டைப் பற்றவைத்தபடி விசாரணை நடத்துவார்.

"முகம் ஏன் வாட்டமா இருக்கு? கவலைப்பட்டா மூணு மார்க் போயிடும்."

"மார்க் போயிடுமேன்னுதான் கவலையா இருக்கு."

"அப்ப ஆறு."

எட்டு மாதம் ஓடியது. மாதா மாதம் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அது ஆய்வாளரின் கவனத்துக்கு வரவில்லை.

"உங்க டெஸ்ட் என்னங்க ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஆய்வு பண்றவனையே ஆய்வு பண்ற வழக்கம் எங்கேயாவது உண்டா? எனக்கு என்ன குறைச்சல்?"

அவள் அவருடைய சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடக்கத்துக்கு இரண்டு மார்க் கூடுதலாகப் போட்டார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பி செருப்பை மாட்டும்போது, மனைவி வந்து அவர் சட்டைப் பையை அன்பாகத் தடவிக்கொடுத்தாள். மனமகிழ்ச்சிக் கட்டத்துக்கு முழு மார்க் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"லேப் எட்டு மணிக்குத் திறக்குறாங்க. நானும் வரேன்."

குனிந்து பார்த்தார். பைக்குள் சிகரெட் பெட்டி; பைக்கு மேல் அவருடைய சிவப்புச் சீட்டு. "சோதிக்கப்படவில்லை. வாசல் தாண்டக் கூடாது." பொருள் வந்து சேர்ந்த நாள் என்ற இடத்தில் அவர்களுடைய கல்யாணத் தேதி. சோதிக்காமல் கிடந்த காலம்: ஆறு வருடம் எட்டு மாதம். கீழே அவளுடைய கையெழுத்து.

பதினோரு வருட அனுபவசாலி அல்லவா, மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்துப் பார்த்தார். சீட்டில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.