அப்பீல் ஐந்து மணிக்குள் பல்கலை தேர்ந்த படலம்

வாழி, அப்பீல் என்னும் அருந்திறல் நங்கை. பதினெட்டு ஆண்டுகளாகத் தன் இல்லத்தில் பிறந்த தீர்ப்பு ஒன்றையேனும் மேல்முறையீடு செய்யாமல் விட்டறியாதவள். எட்டு வயதில், ஜன்னலோரப் படுக்கையின்பொருட்டுத் தங்கையோடு மூண்ட பெரும்போரைப் பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கையால் முடித்து, அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக் கையொப்பமும் வாங்கியவள். அதனாலேயே பெற்றோர் இட்ட பெயர் பள்ளிப் பதிவேட்டோடு நின்றுவிட, அப்பீல் என்றே சுற்றத்தார் நாவில் நிலைத்தவள். நாடுகள் ஒன்றோடொன்று மோதுங்கால் நடுநின்று நியாயம் உரைக்கும் பன்னாட்டுச் சட்டமே தன் வாழ்வு எனச் சூளுரைத்த அவ்வீராங்கனையின் மாபோர், ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக்கு, பாத்திரங்கள் அகற்றப்பட்ட சாப்பாட்டு மேசைமேல் தொடங்கியது.

எதிர்நின்றவை இரண்டு. ஒன்று, குன்றின்மேல் கோபுரங்கள் விண்தடவ வீற்றிருக்கும் பழம்பெரும் பல்கலைக்கழகம்; வாயில் தட்டும் நூறு பேரில் அறுவரை மட்டும் உள்ளழைத்து, ஏனையோரைக் கண்ணியமான மின்னஞ்சலால் வீழ்த்துவது. மற்றது, கப்பல்கள் முழங்கும் துறைமுகத்தருகே நிமிர்ந்த பல்கலைக்கழகம். நூற்றுவரில் ஒன்பதின்மரை ஏற்பது, கடல்சார் சட்டத்தில் கரைகண்டது. இரண்டும் அப்பீலை அழைத்திருந்தன. இரண்டும் அன்று மாலை ஐந்து மணிக்குள் விடை கேட்டிருந்தன.

குன்றின் கொடி தாங்கி முதலில் களம் புகுந்தவர் தந்தை. வானளாவிய மாளிகைகளின் இருள்சூழ் குழிகளில் இறங்கி, இடைமாடியில் சிக்குண்டு தவிக்கும் மாந்தரை மீட்டெடுக்கும் லிஃப்ட் மெக்கானிக் அவர். ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்து அவர் பிரகடனம் செய்தார்.

"நூத்துக்கு ஆறு பேரு. அங்க ஒன்பது. எது பெருசு?"

"ஒன்பதுப்பா."

"இந்தக் கணக்குல ஆறுதான் பெருசு."

அவர் வாய்விட்டுச் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. தன் மகள் குன்றின் பல்கலைக்குத்தான் செல்கிறாள் என்பதை, பதினொரு கட்டடங்களில், கதவு திறக்கும்வரை எங்கும் போக வழியற்றிருந்தோர் அனைவரிடமும் அவர் ஏற்கனவே அறிவித்திருந்தார்.

அடுத்துத் தோன்றினாள் அன்னை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணை மறைத்து மறுகண்ணைச் சோதித்து, மங்கலில் உழல்வோர்க்கு எழுத்துகளைக் காட்டியருளும் அவள், எப்பக்கமும் சாராத நடுநிலை வல்லரசு. இரு பல்கலைகளின் கையேடுகளையும் மகளின் முகத்துக்கு நேரே ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தாள்.

"இது தெளிவா தெரியுதா, இல்ல இது தெளிவா தெரியுதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு."

"அப்ப இன்னொரு தடவை பாரு. அவசரப்படாதே."

பார்த்தாள் அப்பீல். தாளின் நடுவே கோடு கிழித்து, இருமருங்கும் நிறைகளை அணிவகுத்தாள். குன்றின் பக்கம் பதினான்கு வீரர் நின்றனர். துறைமுகத்தின் பக்கமும் பதினான்கு பேரே நின்றனர். குன்றின் நூலகத்தை இங்கே கடற்காற்று மறித்தது; துறைமுக விடுதியின் நல்லறையை அங்கே பேராசிரியர் பெருமை வெட்டிச் சாய்த்தது. நான்கு மணியாகியும் ஒருவரும் பின்வாங்கவில்லை. நாளை இரு பேரரசுகளின் கடல் எல்லையை வகுக்கப்போகிறவளுக்கு, இரு கையேடுகளுக்கிடையே ஒரு முடிவு வகுக்க முடியவில்லையே என்ற நாணம் காதுவரை சுட்டது.

அப்போது அவள் தன் இறுதிப் படைக்கலமான தொலைபேசியை ஏந்தினாள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாணவர் வாதாடிப் பழகும் மாதிரி வழக்கு மன்றத்தில் முதல் வருடமே வாதாட விடுவார்களா?

குன்று, தேன் தோய்த்த குரலில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று மொழிந்து, இருபத்திரண்டு நிமிடம் வயலின் வாசித்து, பின்னர் தானே துண்டித்துக்கொண்டது.

துறைமுகத்தில், இரண்டாவது மணியிலேயே யாரோ ஒரு பெண் எடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா, வாயில சாப்பாடு." விழுங்கும் ஓசை கேட்டது. "சொல்லுங்க."

கேட்டாள்.

"எனக்குத் தெரியலையே. கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்."

கூப்பிடமாட்டார் என்றே அப்பீல் எண்ணினாள். பன்னிரண்டே நிமிடத்தில் கூப்பிட்டார்.

"விசாரிச்சேன்மா. ரெண்டாவது வருஷம்தான் பேச விடுவாங்களாம். முதல் வருஷம் நாற்காலி போடணும், உட்கார்ந்து கேட்கணும். அவ்வளவுதான்."

உலக மன்றம் அதிர முழங்கவிருந்த குரலுக்கு, ஓராண்டு நாற்காலி போடும் பணி. இருந்தும், ஏனென்று அறியாமலே, அப்பீலின் நெஞ்சில் ஒன்றரை மணி நேரமாக முட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கி அமர்ந்தது. முடிவை அவள் அவையில் அறிவித்தாள்.

"நாற்காலி போடவா அவ்வளவு தூரம் போற?" என்றார் தந்தை.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றாங்கப்பா. அப்புறம் போய்த் தெரிஞ்சுக்கிட்டு வர்றாங்க. நான் அங்கேயே படிக்கிறேன்."

பதினொரு கட்டடங்களின் பாரத்தைத் தோளில் தாங்கி எழுந்து உள்ளறைக்குச் சென்றார் அவர். லிஃப்டின் கதவுபோல் அறைக்கதவை மெல்லவே சாத்தினார். முறையீட்டுக்கு இடமில்லாத அந்தக் கதவை ஒருமுறை நோக்கிவிட்டு, அப்பீல் மடிக்கணினியைத் தன்பக்கம் இழுத்தாள். அன்னை அவள் தலையை ஒருமுறை தொட்டாள்.

நான்கு ஐம்பத்தாறு. எண்திசை யானைகள் செவிநிமிர, எழுகடல் அலையடங்க, வழக்கொன்றைத் தீர்க்க வகையறியாது வருங்காலத்தில் நின்றிருக்கும் நாடுகளெல்லாம் மூச்சடக்கி நோக்க, குன்றின் கோபுரங்கள் நிழல் சுருங்க, துறைமுகக் கப்பல்கள் ஒருசேரக் கொம்பு ஊதக் காத்திருக்க, அருந்திறல் அப்பீல் தன் வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தி, இமையாது, நடுங்காது, திரையில் ஒளிர்ந்த, துறைமுகத்துக்குச் சம்மதம் கூறும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

வைஃபை கட்டாகியிருந்தது, அப்பா வெளியே வந்து தன் போனிலிருந்து நெட் போட்டுக் கொடுத்ததும் ஐந்து மணிக்குள் விடை ஏறிவிட்டது.