முதுகில் கண் வைத்திருந்த கிளாஸி

முதுகில் கண் உள்ள மனிதன் ஒருவனைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்தபோது, அவன் அங்கே எடைமேடை ஆபரேட்டர். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது வேலை. மீதி நேரமெல்லாம் பர்மா பஜாரில் வாங்கிய கையடக்க வீடியோ கேம். பெயர் கிளாஸி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த கேம் பெட்டியின் திரைதான் பெயர்க் காரணம். திரைமேல் ஒட்டும் தாளில் இரண்டு வகை உண்டு. கிளாஸி கண்ணாடிபோல் பளபளக்கும். மேட் மங்கலாக இருக்கும், ஆனால் வெயிலில் கூசாது. மேட் என்றாலே அவனுக்கு ஆகாது.

"மேட்டு ஒட்னா கலரு செத்துப்பூடும் சார். பிரியாணிய கழுவித் துன்ற மாதிரி."

பொன்னேரியிலிருந்து வந்த ஒரு வரனை, பெண்ணின் போட்டோ மேட் பிரிண்ட் என்பதற்காகவே தட்டிக் கழித்தான். அவன் அம்மா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

பளபளத் திரையில் வெயில் பட்டால் படம் தெரியாது. எடைமேடை அறைக்கோ மூன்று பக்கமும் ஜன்னல். ஆகவே சூரியன் நகர நகர அவன் நாற்காலியும் நகரும். ஆந்திரா லாரி டிரைவர்கள் ஜன்னலைத் தட்டி, "நைனா, மூஞ்ச காட்டு நைனா, சீட்டு குடு" என்று அவன் முதுகிடம் கெஞ்சுவார்கள்.

ஒருநாள் ஆட்டம் முடியும்வரை லாரிகளை வரிசையில் நிறுத்திவைத்தான். ஒர்க்ஸ் மேனேஜர் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இன்னொரு முறை அந்தப் பெட்டியோடு பார்த்தால் வேலை போய்விடும்.

"பாத்தாத்தான சார்?" என்றான் என்னிடம்.

அவனைப் பிடிக்க மேனேஜர் செய்யாத வித்தை இல்லை. பின்வாசல் வழியாக வருவார். சுவரோரமாக வருவார். ஒருமுறை ஷூவைக் கழற்றிவிட்டுப் பூனைபோல் வந்து அவன் பின்னால் நின்றார். பெட்டி அதற்குள் மேசை டிராயருக்குள் போயிருந்தது. திரும்பாமலே சொன்னான்: "வாங்க சார். சாக்ஸ் ஓட்டையாக்கீது பாருங்க சார்."

அன்றிலிருந்து அவனுக்கு முதுகில் கண் என்று ஆலை முழுக்கப் பேச்சு. பௌதிகம் படித்த நானும் ஏறக்குறைய நம்பினேன்.

நாற்காலியோடு அவன் படும் அவதி எனக்குப் பொறுக்கவில்லை. சென்னைக்குப் போனபோது அவன் பெட்டிக்கு ஒரு மேட் தாள் வாங்கி வந்தேன்.

"வோணா சார். பேஜாரு சார்."

"ஒரு வாரம் பாருப்பா, அப்புறம் சொல்லு" என்று நானே ஒட்டினேன். அடையாள அட்டையால் தேய்த்துக் காற்றுக் குமிழிகளையெல்லாம் எடுத்தேன். ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பாடமும் நடத்தினேன். அவன் சாவு வீட்டில் நிற்பவனைப்போல் நின்றான். அதிகாரி கையால் ஒட்டியதைப் பிய்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாளே மாட்டினான். மேனேஜர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நேராக நடந்து வந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

விசாரணை என் அறையில் நடந்தது. ஜெயித்த குஷியில் மேனேஜர் கேட்டார்: "எங்கய்யா போச்சு உன் முதுகுக் கண்ணு?"

அவன் பெட்டியை மேசைமேல் வைத்தான். "முன்னெல்லாம் பின்னால யாரு வந்தாலும் இதுலயே தெரியும் சார், கண்ணாடி மாதிரி. இப்ப தெரில."

"இத எவன் ஒட்டச் சொன்னான்?"

கிளாஸி என்னைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான். "நானே கடைல ஒட்டிக்கினு வந்தேன் சார். எம் புத்தி."

நான் வாய் திறக்கவில்லை. கடைசி எச்சரிக்கை வாங்கியவனுக்கு விளையாட வசதி செய்து கொடுத்த அதிகாரி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

கேட்டுவரை அவனோடு நடந்தேன். அவன்தான் என்னைத் தேற்றினான்.

"வுடு சார். ஆனா ஒண்ணு, வெயில்ல சூப்பரா தெரிஞ்சிச்சு சார்."

இப்போது செல்போன் கடையில் மேட்டா, கிளாஸியா என்று கேட்கிறார்கள். கிளாஸி என்கிறேன். வெயிலில் ஓர் எழுத்தும் தெரிவதில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அணைந்த திரையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். பின்னால் அவன் வந்தால் தெரியும்.