மிளகாயைத் தொடாத நாவலாசிரியர்

இந்த ஆண்டு மிளகாயைத் தொடுவதில்லை என்று லூபென் சபதம் எடுத்துக்கொண்டான். செப்டம்பர் மாதத்தில், பிலோவ்திவ் நகரத்தில், பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்தும் ஆண்பிள்ளை எடுக்கிற சபதமா இது? ஊர் முழுக்கப் பால்கனிதோறும் சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அரைத்து, குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைக்கிற நேரம். அரசாங்கத்தை எதிர்த்துவிட்டுக்கூட அங்கே நிம்மதியாக இருக்கலாம். மிளகாய்க்கு டிமிக்கி கொடுத்துவிட்டு இருக்க முடியாது.

ஆனால் லூபெனின் நிலைமை அப்படி. பதிப்பகத்து அம்மாள் அவனுடைய நாவலை இரண்டு கையாலும் தூக்கி அவனிடமே திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"முதல் அத்தியாயம் பூரா மழை பெய்யுது. கதாநாயகன் இன்னும் குடையே விரிக்கலை. குழந்தைங்க படப் புத்தகம் நாலு படிங்க. அத்தியாயத்தைத் திருத்திக்கிட்டு திங்கட்கிழமை வாங்க. அதுக்கப்புறம் வராதீங்க."

இன்று சனிக்கிழமை. மகள் யானாவின் அலமாரியைக் காலி செய்து, படப் புத்தகங்களைக் கட்டில் மேல் பரப்பியிருந்தான். எதிலும் மனம் நிற்கவில்லை. உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னலைத் திறந்தான், மிளகாய்ப் புகை வந்தது, சாத்தினான். கையில் ஒரு வாத்துப் புத்தகம். மொத்தமே ஒரு கைப்பிடி வார்த்தை. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

பால்கனியிலிருந்து மனைவி நெவேனா குரல் கொடுத்தாள்.

"லூபென், மிளகாய்ச் சாக்கு அப்படியே கிடக்கு."

"நான் ஆராய்ச்சியில இருக்கேன்."

"என்ன ஆராய்ச்சி?"

"வாத்து."

"வாத்து என்ன பண்ணுது?"

"குளத்துக்குப் போகுது."

"எதுக்கு?"

"அதைப் போடலை."

"அதனாலதான் அடுத்த பக்கத்தைத் திருப்புறோம். யானாவுக்குத் தினம் படிச்சுக் காட்டுறவ நான். என்னைக் கேட்டா சொல்லமாட்டேனா? இங்க வா, ஒரு கதை சொல்றேன். மிளகாயை நீ தொடவே வேண்டாம். சும்மா நின்னு கேளு."

தொடவே வேண்டாம் என்கிறாளே, சபதத்துக்குப் பங்கமில்லை. லூபென் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நெவேனா அடுப்புத் தகரத்தின் மேல் வரிசையாகக் கிடந்த மிளகாய்களைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"காட்டுக்கு நடுவுல ஒரு கதவு. வீடு கிடையாது, சுவர் கிடையாது. வெறும் கதவு. அந்தப் பக்கமா ஒரு கரடி வந்துது."

நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?"

"பக்கத்தைத் திருப்பணும்ல. இந்த வரிசைதான் பக்கம்னு வச்சுக்கோ. எனக்குக் கண்ணுல புகை. இந்தா இடுக்கி, நீ திருப்பு, நான் சொல்றேன்."

இடுக்கியால் தொடுவது தொடுவதில் சேராது. லூபென் ஒரு வரிசையைத் திருப்பினான்.

"உள்ளேருந்து டக் டக்னு சத்தம். 'யாரு?'ன்னுது கரடி. 'நான் இல்லை'ன்னு ஒரு குரல்."

"நான் இல்லையா? அப்ப யாரு?"

நெவேனா அடுத்த வரிசையைக் கண்ணால் காட்டினாள். அவன் திருப்பினான். கரடி கதவைத் திறந்தது. உள்ளே இன்னொரு கதவு, அதைவிடச் சின்னது. டக் டக். யாரு? நான் இல்லை. லூபென் மறுபடி திருப்பினான்.

பக்கத்துப் பால்கனியில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த கோச்சோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கம்பியில் சாய்ந்து நின்றுவிட்டார்.

"கரடி ஓடிப் போயிருக்கணும்மா."

"கரடி ஓடிட்டா கதை ஓடாதே சித்தப்பா."

"அதுவும் சரி. லூபென், சட்டுனு திருப்புடா."

அவருடைய மிளகாய் கருகும் வாடை வந்தது. அவர் நகரவில்லை.

லூபெனுக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷம் மழையாகப் பொழிந்து எழுதியிருக்கிறான். ஒரு ஜீவன்கூட அவனிடம் 'அப்புறம்?' என்று கேட்டதில்லை. இவள் ஒரு டக் டக்கில் பஸ் டிரைவரையே நிறுத்திவிட்டாளே. இதைத்தான் பதிப்பகத்து அம்மாள் சொன்னாள் என்று அவனுக்கு உறைத்தது. உடனே போய் எழுத வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் எப்படிப் போவது?

சாக்கு காலியானபோது கதவு தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்தது. கரடி ஒற்றை நகத்தை அதில் வைத்த இடத்தில் நெவேனா நிறுத்தி, சுட்ட மிளகாய்ப் பாத்திரத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். லூபென் வெறுங்கையாலேயே தோலுரிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு தோலுக்கும் நெவேனா கரடியின் நகத்தை ஒரு மயிரிழை உள்ளே விட்டாள். கை சிவந்தது, சட்டை நாறியது, பொழுது சாய்ந்தது. கடைசி மிளகாயை உரித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"திறந்துதா? உள்ள யாரு?"

"சொல்லும்மா," என்றார் கோச்சோ.

நெவேனா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

"முடிவா? அதைத் தக்காளிக்கு வச்சிருக்கேன்."

தக்காளிக் கூடை எங்கே இருக்கிறது என்று லூபென் கேட்டான்.