பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் தாயார் திருமதி கோவிந்தம்மாள் அவர்களின் ஐம்பதாவது பிறந்த நாளை உயர்தர உணவகம் ஒன்றில் கொண்டாடுவது என்று கடத்தூரில் உள்ள எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவள் தங்கை ஐஸ்வர்யா. வழிமொழிந்தவர் அப்பா நஞ்சப்பன். கை தூக்கி ஆதரித்தவன், அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணிபுரியும் அன்பு என்கிற நான். பிறந்த நாளுக்கு உரியவர் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

தகவல் தெரிவிக்கப்பட்டதும் அம்மா ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்.

"போறதுன்னா அல்லாரும் ஒரே மேசையில ஒண்ணா ஒக்காந்து சாப்புடணும். எனக்கு அது போதும்."

கோரிக்கை அங்கேயே ஏற்கப்பட்டது. என் ஐந்தாண்டுப் பணிக்காலத்தில் இவ்வளவு சீக்கிரம் ஏற்கப்பட்ட கோரிக்கை வேறு இல்லை.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. புரட்டாசி முழுக்க எங்கள் குடும்பம் கவுச்சி தொடுவதில்லை. அதாவது, குடும்பத்தின் சார்பாக அம்மா தொடுவதில்லை. வீட்டுக்கு ஒருவர் விரதம் இருந்தால் பெருமாளுக்குப் போதும் என்பது அப்பாவின் கருத்து. அதில் எங்களுக்கும் முழு உடன்பாடு உண்டு. "வெஜ் ஆப்ஷன்ஸும் இருக்குதாம்பா" என்று ஐஸ்வர்யா போனைப் பார்த்து உறுதி கூறினாள். கிளம்பினோம்.

உணவகம் தருமபுரி பைபாஸில் இருந்தது. உள்ளே போனதும் குளிர் அடித்தது. தரையில் ஒரு பச்சைக் கோடு கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போனது. கோட்டின்மேல் கோட்டு சூட்டுடன் மேலாளர் கலைவாணன் நின்றார்.

"வாங்க சார். சைவம் எத்தன பேரு, அசைவம் எத்தன பேரு?"

"அம்மா மட்டும் சைவமுங்க."

"அப்ப மேடம் கோட்டுக்கு அந்தப் பக்கம். நீங்க மூணு பேரும் இந்தப் பக்கம்."

"பொறந்த நாளே அவங்களுக்குத்தாங்க. ஒரே மேசையா குடுங்க."

"சைவத் தட்டு இங்க வரக் கூடாதுங்க. அசைவத் தட்டு அங்க போகக் கூடாதுங்க. அது ரூலுங்க."

ரூல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளாக மனிதர்களை இந்த சீட்டிலிருந்து அந்த சீட்டுக்கு அனுப்பிப் பிழைப்பவன் நான். தொழில் தெரிந்தவரை மதிக்கத்தான் வேண்டும்.

"நாலு பேரும் சைவமே சாப்புட்டா, நாலு பேரும் அங்கயே ஒக்காரலாமுங்க" என்று அவர் ஒரு வழி சொன்னார்.

ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டிய யோசனை. அப்பா கூரையில் தொங்கிய விளக்கைப் பரிசீலித்தார். ஐஸ்வர்யா தன் நகங்களைப் பரிசீலித்தாள். நான் மெனுவில் மட்டன் பக்கத்தைப் பரிசீலித்தேன். அரை நிமிடத்தில் யோசனை தானாகவே காலாவதியாகிவிட்டது.

"நீங்க சாப்புடுங்க. நான் அங்க ஒக்காந்துக்கறேன்" என்று அம்மா கோட்டைத் தாண்டினார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குள் சூப் வந்துவிட்டது.

அடுத்து கேக் வந்தது. மேசையில் வைத்த கையோடு மேலாளர் அறிவித்தார்.

"இதுல முட்டை இருக்குங்க. கோட்டைத் தாண்டாது."

"அம்மாவ ஒரு நிமிசம் இங்க கூப்புடலாமுங்களா?"

"வந்துட்டா அவங்க அசைவத்துல சேந்துருவாங்க. திரும்பி அங்க போக முடியாதுங்க."

"அப்ப கேக்க யாருய்யா வெட்டறது?" என்றார் அப்பா.

"அதிகாரக் கடிதம் குடுத்தா வேற யாரு வேணும்னாலும் வெட்டலாமுங்க."

கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. டிஷ்யூ பேப்பரை ஒதுக்கிவிட்டு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். 'கடத்தூர் நஞ்சப்பன் மனைவி கோவிந்தம்மாள் ஆகிய நான், நல்ல நினைவுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி, எனது பிறந்த நாள் கேக்கை வெட்டவும், மெழுகுவத்தியை ஊதி அணைக்கவும், என் மகன் அன்புவுக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்.' அப்பாவும் தங்கையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அசைவ சர்வர் தாளைக் கோடு வரை கொண்டுபோனார். அங்கிருந்து சைவ சர்வர் வாங்கிக்கொண்டு போனார். அம்மா கையெழுத்திட்ட பின் தாள் அதே வழியில் திரும்பி வந்தது. மேலாளர் முத்திரை குத்தி, அசலைத் தான் வைத்துக்கொண்டு நகலை எனக்குக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கத்தியை எடுத்தேன். சர்வர்கள் ஆறு பேர் கை தட்டிப் பாடினார்கள்: "ஹேப்பி பர்த்டே அன்பு சார்!"

"பேரு தப்புங்க" என்றார் அப்பா.

"கடிதத்துல வெட்டறவரு பேரு அதுதானுங்களே" என்றார் மேலாளர்.

ஆவணத்தை எதிர்த்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. வாழ்த்தை ஏற்றுக்கொண்டேன். இந்த வைபவம் முழுவதையும் ஐஸ்வர்யா வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா பதினைந்து அடி தூரத்திலிருந்து போனைப் பார்த்துக் கையாட்டினார்.

பிறகு சாப்பிட்டோம். மூன்றாவது எலும்பில் அப்பா நிறுத்தி, "பாவம், தனியா ஒக்காந்திருக்கா" என்றார். ஆளுக்கொரு நிமிடம் வருந்தினோம். அவர் நான்காவதை எடுத்தார்.

வயிறு நிறைந்ததும் எனக்கு அறச்சீற்றம் வந்தது. புகார்ப் புத்தகம் கேட்டேன்.

"பாதிக்கப்பட்டவங்களே எழுதணுமுங்க" என்றார் மேலாளர்.

புத்தகத்தை அம்மாவிடம் அனுப்பிவிட்டு, நாங்கள் மூவரும் கோட்டோரம் போய் நின்றோம். அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. சர்வர் ஒருவர் சப்பாத்தியை ஒவ்வொன்றாகச் சுடச்சுடக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எழுதும்மா. நம்மள ஒண்ணா ஒக்கார வுடலேன்னு எழுது."

அம்மா புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கோடு போட்டவரு நம்பர் இருக்குங்களா?"

"எதுக்குங்க மேடம்?"

"எங்க வூட்டு அடுப்பாங்கரை வாசல்ல ஒண்ணு போடணும். கல்யாணமாயி முப்பத்தொரு வருசமாச்சு. சட்னி எங்க, தண்ணி எங்கன்னு யாரும் கூப்புடாம நான் சாப்புடறது இன்னிக்குத்தான்."

அப்பாதான் முதலில் பதறினார்.

"கோடு போட்டுட்டா எங்களுக்கு யாரு சோறு போடறது?"

"அந்தப் பக்கம் மூணு பேரு இருக்கீங்களே" என்றார் அம்மா. சர்வர் பக்கம் தட்டை நகர்த்தி, இன்னொரு சப்பாத்தி கேட்டார்.