மணிவிழா வேன் இறங்கிய மழைத்தோட்டம்

கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு மருமகள் முதல் வருஷம் கை வைக்கக் கூடாத இடங்கள் என்று சில உண்டு. மாமியாரின் அஞ்சறைப்பெட்டி, மாமனாரின் பேப்பர், அவர்கள் இருவருக்கும் நடுவே நடக்கும் வாக்குவாதம். இதெல்லாம் யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. வாசலைத் தோண்டக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி கிளம்புவாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

தோண்டினேன். எங்கள் வாசலை மட்டுமல்ல, தெருவையே.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் நகர். அதுவும் வயலாக இருந்ததுதான். மனை போட்டவர் ஏனோ அதற்குக் குறிஞ்சி நகர் என்று பெயர் வைத்துவிட்டார். (கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குன்று கிடையாது. மிஞ்சிப்போனால் யாராவது வீடு கட்ட இறக்கிய ஜல்லி.) பெரிய சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் உயர்த்தினார்கள். தெருக்காரர்கள் ஆளாளுக்கு வாசலில் சிமெண்ட் போட்டு மெழுகினார்கள். மழை பெய்தால் தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டாமா? நேராக வீட்டுக்குள் வந்தது.

நான் வந்த முதல் ஐப்பசியிலேயே என் அம்மா வீட்டுச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை நனைந்து, ஒரு கன்றுக்குட்டி அளவுக்குக் கனத்து, நாறி, குப்பை வண்டியில் போனது. அந்த வண்டி தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே முடிவெடுத்தேன். அடுத்த ஐப்பசியில் இந்தத் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் வரக் கூடாது.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். படித்தவள் என்பதைவிட, படித்ததை எங்காவது காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவள். இணையத்தில் தேடியபோது மழைத்தோட்டம் கண்ணில் பட்டது. வாசல் சிமெண்டை உடைத்துத் தெருவோரம் நெடுக ஆழமில்லாத பள்ளம் எடுக்க வேண்டும். அடியில் செங்கல் ஜல்லியும் மணலும் பரப்பி, மேலே கல்வாழையும் வெட்டிவேரும் நட வேண்டும். மொட்டைமாடித் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் அதில் விட்டால் பூமி குடித்துக்கொள்ளும். அந்தந்த வீட்டுப் பள்ளத்தை அந்தந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

தெருச் சங்கத்தின் தலைவர் என் மாமனார். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதால்தான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். பேசுவதற்கு எதிர்வீட்டுச் சேவியர் சார் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் வீட்டுக் கார் ஷெட்டில்தான் கூட்டம் நடந்தது.

"கொசு வராதாம்மா?" என்றார்.

"தண்ணி ஒரு நாளுக்கு மேல நிக்காது சார்."

"நிக்காதுன்னு எப்படிச் சொல்ற?"

"வாங்க, காட்டுறேன்."

அப்போது நல்ல கோடை. எங்கள் வாசல் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி வைத்திருந்தேன். தெரு ஜனம் சுற்றி நிற்க, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். குழி அதை ஒரே மடக்கில் குடித்தது. இன்னொரு வாளி. அதுவும் போனது. கை தட்டினார்கள். சேவியர் சார்கூட ஒரு விரலால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் தலையைச் சற்றே தாழ்த்தி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டேன். (இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.)

ஆடிக்குள் தெரு முழுக்க வேலை முடிந்தது. இதை நான் பெருமையாகத்தான் சொல்வேன். ஒருவர் விடாமல் மண்வெட்டி பிடித்தார்கள். எங்கள் வீட்டுப் பங்கில் அத்தை கல்வாழையோடு சேப்பங்கிழங்கையும் ஊன்றிவிட்டார். "வெறும் பூவா இருந்தா எப்படி, குழம்புக்கு ஏதாவது ஆகட்டும்" என்பது அவர் கட்சி.

ஐப்பசி வந்தது. முதல் மழையில் பள்ளம் அழகாக நிரம்பியது. நான் வாசலில் நின்று போட்டோ எடுத்து, துபாயில் இருந்த என் கணவருக்கு அனுப்பினேன். மறுநாளும் அழகாக நிரம்பியிருந்தது. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் போயும் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கவில்லை. தவளைகள் குடிவந்தன. சேவியர் சார் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அது சொல்வதைவிட மோசமாக இருந்தது.

"இறங்கிடும் அத்தை" என்றேன்.

அத்தை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். பள்ளத்தை நிதானமாகப் பார்த்தார். "இறங்கலைன்னாலும் பரவால்ல தேனு. நாத்து விட்டுரலாம்" என்றார்.

இந்த நிலையில்தான் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருக்கடையூரில் வைத்திருந்தோம். என் கணவர் லீவில் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் பலர் நேராகக் கோயிலுக்கே வந்துவிடுவார்கள். வீட்டிலிருந்து நாங்களும் மாமாவின் தங்கைகள் குடும்பமும் வேனில் போவதாக ஏற்பாடு. விடிந்ததும் கிளம்பினால் முகூர்த்தத்துக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம்.

முந்தின நாள் மாலையில் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. கதவைத் திறந்தால் தெரு இல்லை. வாசலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர்வரை ஒரே தண்ணீர். ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கல்வாழைத் தலைகள்கூட மழை அடித்துச் சாய்ந்து முழுகியிருந்தன.

எப்படியோ வேன் வந்து, ரோட்டு நடுவில் நின்றது. எல்லோரும் நனைந்துகொண்டே ஏறினார்கள். பட்டு வேட்டியில் மாமா, கூறைப்புடவையில் அத்தை, மாலைக் கூடை, பழத்தட்டுகள். வண்டியைத் திருப்ப வேண்டும். டிரைவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"ரோடு எதும்மா? ஒண்ணும் தெரியலியே."

பள்ளத்தை வடிவமைத்தவள் நான். அளவெடுத்தவள் நான். என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? குடையோடு இறங்கிப் பின்னால் போய் நின்றேன்.

"வாங்கண்ணே. வாங்க. இன்னும் லெஃப்ட்ல வாங்க. நிறைய இடம் இருக்கு."

பின்னாலிருந்து பார்க்கிறவளுக்கு எது லெஃப்ட், ஓட்டுகிறவருக்கு எது லெஃப்ட் என்பதில் சிறு குழப்பம் நேர்ந்துவிட்டது. வேன் ஒரு எருமை படுப்பதுபோல், அவசரமே இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து என் மழைத்தோட்டத்தில் உட்கார்ந்தது.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் கேட்டது. "தேனு, வேன் எங்க நிக்குது?"

"பள்ளத்துல அத்தை."

"நம்ம பள்ளமா, அடுத்த வீட்டுப் பள்ளமா?"

"நம்மதுதான்."

"சரி" என்றார்.

கதவு இருந்த பக்கம் பள்ளத்துப் பக்கம். திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே மணமக்கள் உட்பட எல்லோரும் டிரைவர் சீட் வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாமாவின் பட்டு வேட்டி கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது. என் கணவர் அவரை இடுப்போடு தூக்கி இறக்கும்போது கால் வழுக்கி, அப்பாவும் பிள்ளையுமாகச் சேற்றில் உட்கார்ந்தார்கள். அத்தை கூறைப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்றங்காலில் இறங்குகிற லாவகத்தோடு இறங்கினார்.

தெருவே வந்து தள்ளியது. வேன் அசையவில்லை. கடைசியில் தெருக்கோடி வயலில் நடவுக்குச் சேறு கலக்கிக்கொண்டிருந்த டிராக்டரைக் கூட்டிவந்து கயிறு கட்டி இழுத்தோம். டிராக்டர்காரர் பள்ளத்தைப் பார்த்து, "என் வயல்ல இவ்வளவு தண்ணி நிக்கலியே" என்றார். அதில் கேலி இருந்ததாகத் தெரியவில்லை. பொறாமை இருந்தது. வேன் மேலே வந்தது. ஆனால் கிளம்பவில்லை.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முகூர்த்தம் தவறினால் இந்த வீட்டில் என் பேச்சு என்ன ஆகும் என்பதல்ல. மாமா சேறு படிந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு, "மழைன்னா அப்படித்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாரே, அதுதான் தாங்கவில்லை.

எதிர்வீட்டு ஷெட் திறந்தது. சேவியர் சார் தன் பழைய மாருதி காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "நாலு பேர் ஏறுங்க. மத்தவங்க பஸ்ல வரட்டும். நான் ஓட்டுறேன்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை. "பேசாம ஏறும்மா. வழியில பேசிக்கலாம்" என்றார்.

பேசினார். கும்பகோணம் தாண்டும்வரை கொசு. மயிலாடுதுறை வரும்வரை பாம்பு. அதற்கப்பால், பள்ளத்தை நாளைக்கே மூடிவிட வேண்டியதன் அவசியம். முன்சீட்டில் மாமா வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. நான் பின்சீட்டில் மாலைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தேன். வழி நெடுக வயல். வயல் நெடுக வரப்பு மட்டத்துக்குத் தண்ணீர். நட்டு நாளான பயிர் அதில் பச்சையாக நின்றது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த மண் தண்ணீரைக் குடிக்காது. நிறுத்திவைக்கும். நிறுத்திவைப்பதால்தான் இங்கே நெல் விளைகிறது. கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது நான் ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் போயிருக்கிறது. மழையில் நனைந்ததும் மண் ஊதி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. திருவாரூர்ப் பக்கம் வயலும் வாய்க்காலுமாகப் பிறந்து வளர்ந்து, இன்ஜினியரிங்கும் படித்து, நெல் வயலில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வேன் தேவைப்பட்டிருக்கிறது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமாவின் வேட்டி பாதி காய்ந்து, சேறு பொருக்குத் தட்டியிருந்தது. மண்டபத்தில் வரிசையாக எத்தனையோ தம்பதிகள் பளபளவென்று உட்கார்ந்திருக்க, எங்கள் தம்பதி மட்டும் நேராக நடவிலிருந்து வந்தவர்கள் போலிருந்தார்கள். சல்லடையைத் தலைக்கு மேல் பிடித்துக் கலசத் தண்ணீரை ஊற்றினோம். சேறு கரைந்து தரையெல்லாம் செம்பழுப்பாக ஓடியது. அத்தை கண்ணை மூடிக் கைகூப்பியபடியே, உதட்டை அசைக்காமல் என்னிடம் சொன்னார்: "இந்தத் தண்ணியாவது வடியுதா பாரு."

நான் சிரித்தேன். மாமா சிரித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்.

மறுநாள் மாலை கார் ஷெட்டில் கூட்டம். மூடிவிடலாம் என்று சேவியர் சார் தொடங்கினார். பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்து, எங்கே தப்பு செய்தேன் என்பதை அப்படியே சொன்னேன். களிமண்ணைத் தாண்டிக் கீழே மணல் இருக்கிறது. அதுவரை துளை போட்டு ஜல்லியும் மணலும் நிரப்ப வேண்டும். மிஞ்சும் தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருக்கோடி வடிகால் வாய்க்காலில் விட வேண்டும். அந்த வாய்க்கால் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதால் அதையும் வார வேண்டும். முதல் துளை எங்கள் பள்ளத்தில்.

"மறுபடியும் தப்பாச்சுன்னா?" என்றார் சேவியர் சார்.

"என் கையால மூடித் தர்றேன் சார். தெரு முழுக்க."

அத்தை எழுந்தார். "வேனோட விழுந்தது நாங்க. கோபப்பட வேண்டியதும் நாங்க. என் மருமவளைத் திட்டுறதா இருந்தா வீட்டுல வச்சு நான் திட்டிக்கிறேன். நீங்க வீட்டுக்கு ஒரு ஆளா வாய்க்கால் வார வாங்க."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவரான பிறகு தன் முதல் உரையை ஆற்றினார். "கார்த்திகை வரைக்கும் மூட வேண்டாம்."

மண்ணைத் துளைக்கக் கையால் திருகும் போர்க் கம்பியை வாடகைக்கு எடுத்து, பள்ளத்துச் சேற்றில் நின்று நானும் என் கணவரும் திருகினோம். களி வந்தது. மேலும் களி வந்தது. அடுத்த நாளும் களிதான். (என் கணவர் லீவுக்கு வந்த இடத்தில் கொப்புளத்தோடு நின்றார். "துபாய்ல வேலை லேசு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.) எதிர்வீட்டிலிருந்து குடையோடு பார்த்துக்கொண்டிருந்த சேவியர் சார், ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் குடையை மடக்கி வைத்துவிட்டு இறங்கிவந்து கம்பிக் கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்தார். அன்று மதியம் கம்பி நுனியில் களியோடு பொடி மணல் வந்தது. அதைக் கையில் வைத்து எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கோயில் விபூதியைக்கூட அந்தத் தெரு அவ்வளவு பயபக்தியோடு வாங்கியதில்லை.

வாய்க்காலை வாரினோம். குழாய் வைத்தோம். வீடு வீடாகத் துளை போட்டோம். கார்த்திகையில் ஒரு பெருமழை பிடித்தது. பள்ளம் நிரம்பியது, வாசல்படி வரை தண்ணீர் வந்தது, நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் மழை விட்டது. மதியத்துக்குள் பள்ளத்தில் கல்வாழையின் அடித்தண்டு தெரிந்தது. சேவியர் சார் வந்து எட்டிப் பார்த்து, "ம்" என்றார். கணக்கு வாத்தியாரிடமிருந்து அது நூற்றுக்கு நூறு.

ரொம்பப் பேய்மழை என்றால் இன்னும் தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது. வீட்டுக்குள் வருவதில்லை. பக்கத்து நகர்களிலிருந்து வந்து பார்க்கிறார்கள். நான் களி, மணல், துளை என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பார்வை அத்தையிடம் போய்விடும். அவர் வேன் கதையைத் தொடங்கியிருப்பார். கேட்டு முடித்ததும் அந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கென்று ஒரு வழக்கமும் வீட்டில் நிலைத்துவிட்டது. எந்த விசேஷத்துக்கு எந்த வண்டி வாசலில் வந்து நின்றாலும், மணமகளோ குழந்தையோ பெரியவர்களோ அப்புறம்தான். அத்தை முதலில் என்னைக் கூப்பிட்டு உள்ளே ஏற்றி, நடு சீட்டில் உட்காரவைத்து, கதவைத் தானே சாத்துவார். அது சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் திரும்புவார்.

"இப்பத் திருப்புங்க தம்பி."